தனலட்சுமி போடாத முடிச்சு

தனலட்சுமி இறந்த செய்தி எனக்குக் கைப்பேசியில் வந்தது. காலை வேளை. பாண்டி கதிர்காமத்தில் எங்கள் பட்டறையில் ஒரு பழைய காரின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்து ஷட்டர் இன்னும் திறக்கவில்லை, வருகிற வழியில் எங்காவது யாரையாவது திட்டிக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். நம் பட்டறைக்காரர்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். 'கதிர்காமம் ஆட்டோ எலெக்ட்ரீசியன் தனலட்சுமி மாரடைப்பால் காலமானார்' என்று ஒருவர் போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளுக்கு நடுவே ஒருவர் கேட்டிருந்தார்: 'எந்த தனலட்சுமி? ஒயர மாத்திக் கட்டி கார் கம்ப்யூட்டர எரிச்சாங்களே, அவங்களா?' இன்னொருவர் 'ஆமா, அவங்கதான்' என்று பதில் எழுதி, பக்கத்தில் ஓர் அழுகிற பொம்மையையும் வைத்திருந்தார்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் நான் இன்ஜின் வேலையும் அவள் ஒயரிங் வேலையும் பார்த்தோம். செய்தியைப் படித்ததும் நான் அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்று அவளுடைய படத்திறப்பு. இன்றுவரை அந்த ஆத்திரம் இறங்கவில்லை. சங்கத் தலைவர் என்னிடம், "நீங்கதான் கூடவே இருந்தவரு, நாலு நல்ல வார்த்த எழுதிட்டு வந்து படிங்க" என்றார். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், நடுநடுவே எழுதாததையும் சொல்வேன். எது நல்ல வார்த்தை என்பதில் அவருக்கும் எனக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கக்கூடும். இன்னொன்று, தனம் என்னைவிட வயதில் சின்னவள், என் தங்கை மாதிரி. 'அவர்', 'இவர்' என்று நான் எழுதினால் படத்துக்குள்ளிருந்தே திட்டுவாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

சாவு வீட்டுக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். அதை மறுக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ரோஜாப்பூ மலர்வளையத்தோடு வந்தீர்கள். தெருமுனையில் சங்கத்தின் பெயரில் பேனரும் கட்டினீர்கள். அந்தப் பேனரில் இருந்த முகத்தைப் பார்த்து நானே ஒரு நிமிடம் யாரோ என்று நினைத்தேன். மாநிறமான அவள் முகத்தை மைதா மாவு மாதிரி வெளுக்க வைத்து, காதில் இல்லாத தோட்டை மாட்டி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் ஓட விட்டிருந்தார்கள். புடவைக்கு மேலே ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் கிடந்தவளுக்கு நீர்வீழ்ச்சி எதற்கு? போகட்டும், பேனர்காரன் அவளைப் பார்த்ததில்லை. பார்த்த நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்ன பேசினீர்கள்?

என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியும், கவிதா சொன்னாள். கவிதா தனத்தின் ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அன்று உடலை எடுக்கும் முன்பு வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அம்மா நெஜமாவே ஒயர மாத்திக் கட்டிட்டாங்களா?"

"யாரும்மா சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. இப்பகூட வாசல்ல அதத்தான் பேசிட்டிருந்தாங்க. அம்மாகிட்ட நான் கேட்டதே இல்ல மாமா. கேட்டா கோச்சிக்குவாங்கன்னு வுட்டுட்டேன். இனிமே யாரக் கேக்கறது?"

பெற்ற தாய் உள்ளே ஐஸ் பெட்டியில் கிடக்கிறாள், மகள் வெளியே நின்று இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிறாள். அவளைக் கேட்க வைத்தது யார்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாய் என்று நாம் சொல்வது வேறு யாருடையதும் இல்லை, இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற வாய்கள்தான். கவிதாவுக்குப் பதில் சொல்லவே இதை எழுதினேன். அவளுக்கும் அவள் சொந்தக்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் தொழில் தெரிந்த உங்களுக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனம் ஐடிஐ முடித்துவிட்டு மில்லில் சேர்ந்தவள். எலெக்ட்ரிக்கல் பிரிவில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றுவது அவள் வேலை. மில்லை மூடியதும் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். இவள் கார்களின் செல்ஃப் மோட்டாருக்குக் காயில் சுற்ற ஆரம்பித்து, அப்படியே ஒயரிங்குக்கு வந்தாள். மில்லில் பழகிய ஒரு பழக்கம் கடைசிவரை அவளை விடவில்லை. காயில் சுற்றுகிறவர்கள் ஒயர் முனைகளைப் பருத்தி நூலால் பின்னிக் கட்டுவார்கள். அதே மாதிரி இவள் காரில் எந்த ஒயரை இணைத்தாலும், அதன் மேல் வெள்ளைப் பருத்தி நூலைச் சுற்றி, ஒரு முடிச்சுப் போடுவாள். நாமெல்லாம் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போகிற இடத்தில் அவள் நூல் இருக்கும். கடலூரில் ஒரு வண்டியைத் திறந்தாலும் அந்த முடிச்சைப் பார்த்து, "இது பாண்டி அக்கா கை" என்று சொல்வார்கள். இது இந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியாது?

நல்லவள், சாந்தமானவள், அதிர்ந்து பேசாதவள் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். யாரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தனம் அதிர்ந்து மட்டும்தான் பேசுவாள். அவள் வாய்க்குப் பயந்து எங்கள் பட்டறைக்குள் வராமல் தெருவிலேயே ஹாரன் அடித்த வாடிக்கையாளர்கள் உண்டு. யாராவது வந்து, "அக்கா, என் வண்டியில இது போயிடுச்சி, அத மாத்தணும்னு சொல்றாங்க" என்று ஆரம்பித்தால் முதலில் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "சொன்னவன் படுத்துப் பாத்தானா?" வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்காமல் சொல்லப்படும் எதையும் அவள் காதில் வாங்கியதில்லை. படுப்பதற்கு அவளிடம் ஒரு சணல் சாக்கு இருந்தது. மில்லை விட்டு வரும்போது எடுத்து வந்த ஒரே சொத்து அது என்பாள்.

இனி ஆக்சிஜன் சென்சாருக்கு வருகிறேன். கவிதா, அது இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் திருகியிருக்கும், விரல் நீளச் சாமான். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று மோந்து பார்த்துக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். அதிலிருந்து பெரும்பாலும் நான்கு ஒயர் வரும். அந்த நான்கும் எதெது என்று கண்டுபிடிப்பதில்தான் வினையே. இரண்டு ஒயர் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு. ஒன்று சேதி சொல்லும் சிக்னல். ஒன்று அதற்கான எர்த். நிறத்தைப் பார்த்துக் கட்டலாமே என்று கேட்பாய். ஒரு கம்பெனிக்காரன் ஹீட்டருக்கு இரண்டு வெள்ளை ஒயரும், சிக்னலுக்குக் கறுப்பும், எர்த்துக்குச் சாம்பலும் வைப்பான். இன்னொரு கம்பெனிக்காரன் ஹீட்டருக்கு இரண்டு கறுப்பும், சிக்னலுக்கு நீலமும், எர்த்துக்கு வெள்ளையும் வைப்பான். இவனுடைய சென்சாரை அவனுடைய வண்டியில் போடும்போது கறுப்புக்குக் கறுப்பு, வெள்ளைக்கு வெள்ளை என்று கட்டினால் குடி கெட்டது. "கலரு கம்பெனிக்காரன் வச்ச பேரு. பேரக் கேட்டு ஆள நம்பாத, ஒயர கேளு" என்பாள் உன் அம்மா.

ஒயரை எப்படிக் கேட்பது என்பதை நான் ஒரு சொல்தாவின் காரில் பார்த்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிவந்த பெரியவர் அவர். உங்களில் பலருக்குத் தெரியும், ஒற்றையடிப் பாதையிலும் இண்டிகேட்டர் போடுகிற மனிதர். மகன் பிரான்சிலிருந்து அனுப்பிய சென்சாரைக் கையில் பிடித்துக்கொண்டு, கறுப்புக்குக் கறுப்பைக் கட்டினால் வேலை முடிந்தது என்று நின்றார். "முசே, செத்த சும்மா இருங்க" என்று தனம் மீட்டரின் இரண்டு முனைகளையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். "மொதல்ல ஜோடியப் புடிக்கணும். ஒரே கலர்ல ரெண்டு இருக்குதே, அதுல வைங்க." புதுச் சென்சாரின் இரண்டு கறுப்பிலும் வைத்தார். மீட்டரில் சின்னதாக ஓர் எண் வந்தது. "வந்துச்சா? அதுதான் ஹீட்டரு. இப்ப ஒரு கறுப்பையும் நீலத்தையும் புடிங்க." ஒன்றும் வரவில்லை. "வராது. அது வேற குடும்பம்." பிறகு வண்டிப் பக்கத்து ஒயர்களுக்கு வந்தாள். சாவியைப் போடச் சொல்லி, இரண்டு வெள்ளையில் பேட்டரி கரண்டு எதில் வருகிறது என்று அவரையே பார்க்க வைத்தாள். எல்லாம் பிடிபட்ட பிறகுதான் ஒயரை வெட்டினாள். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். ஆனால் அதற்குப் பிறகு ஹாரன் சத்தம் கம்மியானாலும் அவளிடம்தான் வருவார், வேறு யாரையும் பானட்டைத் தொட விடமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் உப்புக்காற்று ஊர். இங்கே எந்த எலெக்ட்ரீசியனும் ஒயரை இணைத்தால் துருப்பிடிக்காமல் இருக்க அதில் கிரீஸை அடைத்து, மேலே டேப்பை இறுக்கிச் சுற்றுவான். அது நம் ஊர்க்காரன் கையோடு பிறந்த பழக்கம், மற்ற ஒயர்களுக்கு நல்ல பழக்கமும்கூட. கனகசெட்டிக்குளத்து மீன் வியாபாரி ஒருவருடைய வண்டியில் போட்ட சென்சார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தது. நம்மில் ஒருவர்தான் போட்டுக்கொடுத்தார், ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாகக் கிரீஸை அடைத்தார். தனம் புதிதாக ஒன்றைக் கிரீஸ் இல்லாமல் இணைத்து மீட்டரைப் பார்க்கச் சொன்னாள். எண் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதே இணைப்பில் வேண்டுமென்றே கிரீஸை அடைத்து, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி காட்டினாள். எண் கீழேயே படுத்துக் கிடந்தது. "இந்தச் சனியனுக்கு வெளிக்காத்தும் வேணும். அத ஒயருக்குள்ளாறதான் இழுக்குது. மூக்குல கிரீஸ அடச்சிட்டு மூச்சு வுடுன்னா வுடுமா?" என்று பட்டறையே அதிரக் கத்தினாள்.

அன்றிலிருந்து யார் சென்சார் ஒயரில் ஈயம் வைத்துப் பற்ற வைத்தாலும், கிரீஸ் வைத்தாலும் அவளுக்குப் பொறுக்காது. ஈயம் வைத்தாலும் ஒயருக்குள் காற்றுப் போகாது. லக்கு என்கிற சின்ன உலோகக் குழலைப் போட்டு நசுக்கு, ஒவ்வொரு இணைப்பையும் ஒரு விரற்கடை தள்ளித் தள்ளி வை, ஒன்றோடொன்று உரசாது, மேலே உறையை மாட்டி நூலால் கட்டு, தண்ணீர் வடிய ஒயரைக் கீழ்நோக்கி வளைத்து விடு. இவ்வளவுதான் அவள் சொன்னது. போகிற பட்டறையில் எல்லாம் சொன்னாள். கேட்காதவர்களைத் திட்டினாள். இந்த மண்டபத்தில் கிரீஸுக்காக அவளிடம் திட்டு வாங்காத எலெக்ட்ரீசியன் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

இப்படிப்பட்டவள் மேல்தான் அந்தப் பழி வந்து விழுந்தது. குமரன் என்கிற டிரைவர், அவனும் வந்திருக்கிறான், சொந்தமாக ஒரு கார் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவன் பிழைப்பு. வண்டியில் இன்ஜின் விளக்கு எரிகிறதென்று ஈசிஆரில் ஒரு பெரிய காரேஜுக்குப் போனான். காரேஜ்காரர் நம் சங்கத்தின் பொருளாளர். அங்கே புதுச் சென்சார் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. குமரன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தான். தனம் சாக்கை விரித்து அடியில் போனாள். வெளியே வந்தவள் குமரனைப் பார்த்து, "கலரப் பாத்துக் கட்டியிருக்கான். பேட்டரி கரண்டு நேரா கம்ப்யூட்டர் காதுக்குள்ளாற போயிருக்குது. கம்ப்யூட்டர் போச்சி. இத நான் பிரிச்சா என் கைன்னு ஆயிடும். ஒரு ஒயரகூட தொடல, அப்படியே கொண்டு போயி கட்டினவன்கிட்ட காட்டு" என்று சொல்லி அனுப்பினாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

அவ்வளவு சாக்கிரதையாக இருந்தவள்தான் மாட்டினாள். "எங்ககிட்டேருந்து போறப்ப வண்டி நல்லாத்தான் போச்சி. சும்மா ஒரு ஃபியூஸ் போயிருக்கும். அந்தம்மா பிரிச்சி மாத்திக் கட்டி எரிச்சிடுச்சி" என்று பொருளாளர் சொன்னார். நம் தொழிலில் கடைசியாகத் தொட்டவன் தலையில்தான் விடியும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அதிலும் கடைசியாகத் தொட்டது ஒரு பொம்பளை என்றால் விசாரிக்கவே வேண்டாம் அல்லவா? "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல" என்று அதுவரை மனதுக்குள் வைத்திருந்தவர்கள் எல்லாம் அன்று வாய்விட்டே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வெள்ளைச் சட்டை. தனம் மட்டும் வேலை உடுப்பில், சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். பேசச் சொன்னார்கள். "நான் இன்னாத்த பேசறது? வண்டி ரெண்டு தெரு தள்ளி அவரு காரேஜ்லதான் நிக்குது. சாக்கு கொண்டாந்திருக்கேன். வாங்க, ஒவ்வொருத்தரா படுத்துப் பாருங்க. பாத்துட்டு வந்து என்னத் தூக்குல போட்டாலும் ஏத்துக்கறேன்" என்றாள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். ஒருவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அதெல்லாம் எதுக்கும்மா, தப்பு எல்லாருக்கும் வர்றதுதான், ஒரு மன்னிப்பு கேட்டுட்டு முடிச்சிக்கலாம்" என்றார். குமரன் மூலையில் எழுந்து, "அவங்ககிட்ட வரும்போதே வண்டி செத்துதாங்க வந்துச்சி" என்று சொன்னான். "நீ டிரைவரு, உனக்கு இன்னா தெரியும், உக்காரு" என்று உட்கார வைத்தார்கள். நானும் கத்தினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என்னையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். தனம் சாக்கைத் தட்டி மடித்துக்கொண்டு வெளியே போனாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் கேட்காததையே, "தப்பு செஞ்சதால வாயத் தொறக்கல" என்று மறுநாள் பேசிக்கொண்டீர்கள்.

பெரியவர்களே, நாமெல்லாம் யார்? நாள் முழுக்க வண்டிக்கு அடியில் கிடக்கிறவர்கள். நம் முதுகில் படாத எண்ணெய் உண்டா? ஒரு வாடிக்கையாளர் வந்து, "வண்டியப் பாக்காமலே சொல்லுங்க" என்றால் சிரிக்கிறவர்கள் நாம். கூட இருந்த ஒருத்தியின் பெயர் போகிற இடத்தில் மட்டும் எப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்தீர்கள்? சட்டை அழுக்காகிவிடும் என்பதைத் தவிர வேறு ஒரு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு அவள் மேலும் கோபம் உண்டு. பிறகு பலமுறை சொன்னேன், "நான் போயி பாத்துட்டு வந்து எல்லார் முன்னாலயும் சொல்றேன்" என்று. விடவே இல்லை. "நீ பாத்து இன்னாண்ணே ஆவப்போவுது? நீ என் பக்கம்னு ஊருக்கே தெரியும். பாக்க வேண்டியவங்க பாக்கணும். நான் உசுரோட இருக்கற வரைக்கும் எனக்காக நீ யார் வாசல்லயும் போயி நிக்கக் கூடாது. நின்னா உன் பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டேன்." சொன்னால் செய்கிறவள் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன். அவளும் மூடிக்கொண்டாள். வேலை குறைந்தது. வருகிறவர்களும், "அக்கா, பாத்து கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்று பார்ப்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் திட்டுவது குறைந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பட்டறை அமைதியாக இருந்த அந்த மாதங்களைவிட மோசமான காலம் எனக்கு இருந்ததில்லை. அந்த வீம்பை விட்டுவிட்டு என்னை ஒரு வார்த்தை பேச விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் தனம்? எதற்கு அத்தனையையும் உள்ளேயே போட்டு வைத்தாய்?

அவள் போட்ட கட்டு அவள் உயிரோடு இருக்கிற வரைக்கும்தான். சாவு வீட்டில் குமரன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. "அண்ணே, கம்ப்யூட்டர் மாத்த வழியில்லாம வண்டிய ஊட்டுக்கே இழுத்துட்டு வந்துட்டேன். தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். ஒயர தொடாதன்னு அக்கா சொன்னாங்கன்னு யாரையும் தொட வுடல" என்றான். அவன் வீடு கனகசெட்டிக்குளத்தில். காரியம் முடிந்த மறுநாளே போனேன். தார்ப்பாயை எடுத்தோம், ஜாக்கி வைத்தோம். அவள் சாக்கை விரித்து அவன் வண்டிக்கு அடியில் படுத்தேன்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கறுப்புக்குக் கறுப்பு கட்டியிருக்கிறது. வெள்ளைக்கு வெள்ளை கட்டியிருக்கிறது. சென்சாரில் மிச்சமிருந்த நீலத்தை வண்டியின் சாம்பலோடும், சென்சாரில் மிச்சமிருந்த கறுப்பை வண்டியில் மிச்சமிருந்த வெள்ளையோடும் கட்டியிருக்கிறது. அந்த வெள்ளையில்தான் பேட்டரி கரண்டு வரும். ஹீட்டர் வழியாகப் போய்க் கம்ப்யூட்டரின் சிக்னல் ஒயரில் ஏறிவிட்டது. எல்லா இணைப்பும் ஈயம் வைத்துப் பற்ற வைத்தது. உருண்டை உருண்டையாக மினுங்குகிறது. அதன் மேல் கிரீஸ், ஆயுத பூஜைக்குச் சந்தனம் அப்பின மாதிரி. அதன் மேல் கறுப்பு டேப். டேப் ஓரம் உப்புக்காற்றில் பிரிந்ததால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. டேப்பின் மேல் உப்பும் புழுதியும் ஏறியிருக்கிறது, பிரித்துக் கட்டிய அடையாளம் எங்குமில்லை. நூல் இல்லை. ஒரு இழை நூல்கூட இல்லை.

தனம் ஈயம் வைத்தாளா? தனம் கிரீஸ் அடைத்தாளா? நூல் கட்டாமல் ஓர் ஒயரையாவது விட்டாளா? நீங்களே சொல்லுங்கள். உங்கள் ஒவ்வொருவரையும் இதற்காகத்தானே திட்டினாள்? ஒரே ஒரு ஆள் அன்றைக்குக் குனிந்திருந்தால் இது தெரிந்திருக்கும். அது அவள் கை இல்லை என்று சொல்லியிருப்பீர்கள். அவளும் பழையபடி கத்திக்கொண்டிருந்திருப்பாள். மாரடைப்பு அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, எனக்கு வைத்தியம் தெரியாது. கெட்ட பெயரோடு போனாள் என்பது மட்டும் தெரியும். அது அவள் சம்பாதித்த பெயர் இல்லை.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று முடிவில் சொல்ல வேண்டுமாம், அதுதான் முறையாம். கவிதா அம்மாவின் மீட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லி, சாக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூடவே தனத்தின் கேள்வியையும் வைத்துக்கொள்கிறேன். இனி யாராவது என்னிடம் வந்து இன்னாரால் இது கெட்டது என்றால், படுத்துப் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்பேன்.

அந்தச் சாக்கு இப்போது என் வீட்டில் இல்லை. இந்த மண்டபத்து வாசலில் குமரனின் கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. காலையில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அதன் அடியில் சாக்கை விரித்து வைத்திருக்கிறேன், டார்ச் குமரன் கையில் இருக்கிறது. நீங்கள் வருவதற்கு முன்பே கவிதா பட்டுப்புடவையோடு படுத்துப் பார்த்துவிட்டாள். வெளியே வந்து முதுகைக்கூடத் தட்டாமல் என்னிடம், "இது அம்மா கை இல்ல மாமா" என்றாள். அவள் முதுகில் ஒட்டியிருக்கும் மண்ணை நீங்களே பார்க்கலாம்.

என் வாயை நம்ப வேண்டாம். நான் அவள் பக்கம். தலைவர் அவர்களே, முதலில் நீங்கள் வாருங்கள். அடுத்து பொருளாளர். பிறகு வரிசையாக எல்லோரும். வெள்ளைச் சட்டைதான், துவைத்தால் போய்விடும். படத்தின் மேல் இருக்கும் துணி அப்படியே இருக்கட்டும். நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டு எழுந்து வந்த பிறகு அதை எடுக்கலாம்.